கசடிலிருந்து மின்சாரம் எடுப்பது எளிது, உரம் எடுப்பதுதான் கடினம்

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் என்றால் தண்ணீரைச் சுத்தம் செய்யும் இடம் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறோம். அந்தத் தண்ணீரிலிருந்து பிரித்த அழுக்கு எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. அழுக்கு மறைந்துவிடுவதில்லை, கசடாகத் திரள்கிறது. கறுத்து, குழகுழவென்று, நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் தண்ணீராகவே இருக்கும் ஒரு குழம்பு அது. சுத்திகரிப்பு எவ்வளவு ஒழுங்காக நடக்கிறதோ அவ்வளவு அதிகமாகக் கசடு சேரும். கசடே வராத நிலையம் ஒன்று இருந்தால், அங்கே சாக்கடை சுத்தமாகவில்லை என்றுதான் அர்த்தம்.

உலகத்தின் பெரிய நகரங்கள் நெடுங்காலம் இதைக் கொண்டுபோய்க் கடலில் கொட்டின. நியூயார்க் 1992 வரை கொட்டியது, பிரிட்டன் 1998 வரை கொட்டியது. சட்டம் தடுத்த பிறகுதான் வேறு வழி தேடினார்கள். இந்தக் கசடில் மூன்று சமாச்சாரங்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன: எரித்தால் ஆற்றல் தரும் கரிமப் பொருள், பயிருக்கு வேண்டிய சத்து, அப்புறம் அந்த நகரம் சாக்கடையில் ஊற்றிய எல்லாம். முதலாவதைத் தனியாக எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவதை எடுக்கப்போனால் மூன்றாவதும் சேர்ந்தே வரும். கசடு பற்றிய பேச்சில் மின்சாரத்தையும் உரத்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் இரண்டும் வேறு வேறு கணக்கு.

கொடுங்கையூரில் என்ன நடக்கிறது

சென்னைக்கு இது புதிது இல்லை. சென்னை நகர ஆறுகள் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் 2005-06 வாக்கில் நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் செயல்பாட்டுக்கு வந்தன. கொடுங்கையூரில் நாளொன்றுக்கு 110 மில்லியன் லிட்டர், கோயம்பேட்டில் 60, பெருங்குடியில் 54, நெசப்பாக்கத்தில் 40 என மொத்தம் 264 மில்லியன் லிட்டர். அந்தத் திட்டத்தில் சுத்திகரிப்போடு கசடைச் செரிக்கும் தொட்டிகளும், அதிலிருந்து வரும் வாயுவில் ஓடும் எஞ்சின்களும் சேர்த்தே கட்டப்பட்டன. நிலையத்துக்கு வேண்டிய மின்சாரத்தில் பெரும்பகுதியை அந்த நிலையமே தயாரித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் நோக்கம்.

செரிமானத் தொட்டியின் வேலை மாட்டின் வயிற்றில் நடப்பதைப் போன்றதுதான். காற்றுப் புகாத பெரிய தொட்டி, உள்ளே 35 முதல் 37 டிகிரி வெப்பம், 20 நாள் போலக் கசடு அதிலேயே தங்குகிறது. முதலில் ஒரு கூட்டம் நுண்ணுயிர்கள் கொழுப்பு, புரதம், மாவுப்பொருள் ஆகியவற்றை உடைக்கின்றன. அடுத்த கூட்டம் அதை அமிலங்களாக்குகிறது. கடைசியில் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் அந்த அமிலத்தில் பிறந்த அசிட்டேட், ஹைட்ரஜன் போன்றவற்றைத் தின்று வாயுவாக மாற்றுகின்றன. வெளிவரும் வாயுவில் 60 முதல் 65 சதவீதம் மீத்தேன், மிச்சம் பெரும்பாலும் கரியமில வாயு.

இந்தக் கடைசிக் கூட்டம்தான் ரொம்ப நோஞ்சான். மெதுவாகத்தான் பெருகும். அமிலம் சற்று மிஞ்சினாலும் வேலையை நிறுத்திவிடும். அமிலம் உண்டாக்கும் கூட்டமோ எதற்கும் அசராது. ஆகவே திடீரென்று அதிகக் கசடை உள்ளே தள்ளினால் அமிலம் சேர்ந்துகொண்டே போகும், வாயு குறையும், தொட்டி புளித்துப்போகும். அப்படிப் புளித்த தொட்டியை மீட்க வாரக்கணக்கில் ஆகும். அதனால்தான் ஆய்வகத்தில் இருப்பவர் அமில அளவுக்கும் காரத்தன்மைக்கும் உள்ள விகிதத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கார அமில அளவு (pH) 6.8-க்குக் கீழே இறங்கிய பிறகு விழித்துக்கொண்டால் தாமதம்தான், விகிதம் அதற்கு முன்பே காட்டிக்கொடுத்துவிடும்.

எவ்வளவு மின்சாரம் கிடைக்கும்? ஒரு தோராயக் கணக்குப் போடலாம். நாளொன்றுக்கு 100 மில்லியன் லிட்டர் சாக்கடை வரும் நிலையத்தில் ஈரத்தைக் கழித்துப் பார்த்தால் சுமார் 25 டன் கசடு சேரும். அதில் 70 சதவீதம் போலக் கரிமப் பொருள், அதாவது 17 டன்னுக்குச் சற்று மேல். செரிமானத் தொட்டியில் ஏறத்தாழப் பாதி கரையும். கரைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் கிட்டத்தட்ட 0.9 கன மீட்டர் வாயு வரும் என்று வைத்தால், நாளுக்கு 7,500 கன மீட்டருக்கு மேல். ஒரு கன மீட்டரில் 2 யூனிட் மின்சாரம் எடுக்கலாம். ஆக, நாளுக்கு 15,000 யூனிட். காற்றூட்டிச் சுத்திகரிக்கும் நிலையம் ஒவ்வொரு மில்லியன் லிட்டருக்கும் சுமார் 200 யூனிட் செலவழிக்கும் என்றால் அதன் தேவை 20,000 யூனிட். கிட்டத்தட்ட முக்கால் பங்கு உள்ளேயே கிடைத்துவிடுகிறது. சுத்திகரிப்பு நிலையம் நடத்தும் செலவில் மின்கட்டணத்தின் பங்கு எவ்வளவு பெரியது என்று தெரிந்தவர்களுக்கு இதன் மதிப்பு புரியும்.

நம் ஊர் வெயில் இதில் பெரிய உதவி. குளிர்நாடுகளில் வரும் வாயுவில் ஒரு பங்கை எரித்தோ, எஞ்சின் வெப்பத்தை முழுக்கச் செலவழித்தோதான் தொட்டியைச் சூடாக வைத்திருக்க முடியும். சென்னையில் சாக்கடையே 28, 30 டிகிரியில் வருகிறது. சற்றுச் சூடேற்றினால் போதும்.

சரி, பிறகு ஏன் எல்லா ஊரிலும் இது நடக்கவில்லை? தடங்கல் பெரும்பாலும் சில்லறை விஷயங்களில்தான் இருக்கிறது. தெருமணல் சாக்கடையோடு வந்து தொட்டியின் அடியில் படிந்து இடத்தை அடைத்துக்கொள்கிறது. தலைமுடி, துணிநார், ஷாம்பு பாக்கெட் எல்லாம் கலக்கியின் இறக்கையில் கயிறு திரிந்தாற்போலச் சுற்றிக்கொள்கின்றன. மழைக்காலத்தில் மழைநீர் பாதாளச் சாக்கடைக்குள் புகுந்து எல்லாம் நீர்த்துப்போய் வாயு குறைகிறது. வாயுவோடு ஹைட்ரஜன் சல்பைடும் வரும். அழுகிய முட்டை நாற்றம் அதனுடையதுதான். அதை நீக்காமல் எஞ்சினுக்கு அனுப்பினால் உலோகத்தை அரித்துவிடும். இன்னொரு எதிரி ஷாம்பு, கிரீம்களில் இருக்கும் சிலிக்கான் சேர்மங்கள். அவை வாயுவோடு ஆவியாகப் போய் எஞ்சினுக்குள் எரியும்போது மணலின் மூலப்பொருளான சிலிக்காவாக மாறுகின்றன. எஞ்சினைப் பிரித்துப் பார்த்தால் பிஸ்டன் தலையிலும் ஸ்பார்க் பிளக்கிலும் வெள்ளைப் பொருக்கு படிந்திருக்கும், விரலால் தொட்டால் சொரசொரக்கும். தலைக்குத் தேய்த்தது எஞ்சினைத் தேய்க்கிறது.

இவை எல்லாம் தீர்க்க முடிந்தவை. மணல் பிடிக்கும் தொட்டி, நல்ல சல்லடை, வாயுவைக் கழுவும் கோபுரம், பராமரிப்புக்குப் பணமும் ஆளும் இருந்தால் போதும். 1895-இலேயே இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் சாக்கடை வாயுவில் விளக்கு எரித்திருக்கிறார்கள். சூரத் மாநகராட்சி 2003-இல் அஞ்சனா நிலையத்தில் அரை மெகாவாட் எஞ்சின் ஓடவிட்டது. ஆக, தொழில்நுட்பம் என்றோ தயாராகிவிட்டது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. எஞ்சினை ஓட்டும் இந்த வாயுக்கள்தான் பாதாளச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறங்கும் மனிதர்களைக் கொல்கின்றன. ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் முதலில் மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்யும். நாற்றம் இல்லையே, ஆபத்து இல்லை என்று நினைத்து இறங்குபவர் சில மூச்சில் விழுகிறார், தூக்கப்போனவரும் விழுகிறார். மனிதரைக் கழிவு அள்ள வைப்பதைத் தடைசெய்து 2013-இல் சட்டம் வந்த பிறகும் இது நிற்கவில்லை. இந்த மரணங்களில் தமிழ்நாட்டின் கணக்கு நாட்டிலேயே முன்வரிசையில் இருக்கிறது. வாயுவிலிருந்து மின்சாரம் எடுக்கிறோம் என்று எந்த ஊர் சொன்னாலும், அந்த ஊரில் குழிக்குள் ஆள் இறங்குவது நின்றுவிட்டதா என்பதுதான் என் முதல் கேள்வியாக இருக்கும்.

தக்காளிச் செடி சொல்லும் சேதி

வாயு எடுத்த பிறகு மிஞ்சுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. செரித்த கசடைச் சுழற்றிப் பிழியும் இயந்திரத்தில் விட்டால் நூற்றுக்கு 20, 25 பங்கு திடப்பொருள் உள்ள களிமண் போன்ற பொருள் கிடைக்கும். மேலே சொன்ன நிலையத்தில் நாளுக்கு 75 டன் போல வரும். பத்து டன் லாரியில் ஏழெட்டு நடை. அதில் முக்கால் பங்குக்கு மேல் இன்னும் தண்ணீர்தான். பழைய முறையில் இயந்திரத்துக்குப் பதிலாக உலர்படுகை. ஜல்லி, அதன்மேல் மணல், அதன்மேல் ஒரு சாண் உயரத்துக்குக் கசடு. தண்ணீர் கீழே வடியும், மிச்சம் வெயிலில் போகும். இரண்டு வாரத்தில் கசடு பாளம் பாளமாக வெடித்து, ஓரம் சுருண்டு, மண்வெட்டியால் அள்ளுகிற பதத்துக்கு வரும்.

அந்த வெடிப்புகளில் யாரும் விதைக்காத செடிகள் முளைத்திருக்கும், பெரும்பாலும் தக்காளி. சில இடங்களில் தர்பூசணிக் கொடியும் ஓடும். நாம் சாப்பிட்ட பழத்தின் விதை நம் வயிற்றையும் தாண்டி, சாக்கடையையும் தாண்டி, 37 டிகிரியில் பல நாள் கிடந்த பிறகும் உயிரோடு இருக்கிறது. பச்சைப்பசேலென்று வளர்ந்து நிற்கும் அந்தச் செடி இரண்டு உண்மைகளைச் சொல்கிறது. கசடில் சத்து இருக்கிறது. அதே நேரம், தக்காளி விதை பிழைத்தது என்றால் மனிதக் குடலில் வளரும் உருண்டைப் புழுவின் முட்டையும் பிழைத்திருக்க முடியும். கெட்டியான ஓடுள்ள அந்த முட்டை மண்ணில் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில்கூடக் கிடக்கும். ஆகவே செரிமானத் தொட்டியிலிருந்து வந்ததாலேயே கசடு உரமாகிவிடாது. இன்னொரு கட்டம் தேவை, அது சூடாக இருக்கவேண்டும். 55 டிகிரிக்கு மேல் பல நாள், அல்லது 70 டிகிரியில் அரை மணி நேரம்.

அகமதாபாத் வேறு ஒரு வழியைத் தேர்ந்தெடுத்தது. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் தொழில்நுட்பத்தோடு பிரானா பகுதியில் நாளொன்றுக்கு 100 டன் உலர்ந்த கசடைக் காமா கதிரால் கிருமிநீக்கம் செய்யும் நிலையத்தை 2019-இல் தொடங்கினார்கள். கோபால்ட்-60 தரும் கதிர் கசடுக்குள் ஊடுருவிக் கிருமிகளின் மரபணுவைச் சிதைக்கிறது. கதிர் பட்டதால் கசடு கதிரியக்கப் பொருளாகிவிடுவதில்லை. அதன் பிறகு அவர்கள் செய்வதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கெட்ட கிருமிகள் போன அந்த இடத்தில் தழைச்சத்தை (நைட்ரஜனை) நிலைநிறுத்தும் நுண்ணுயிர், மணிச்சத்தை (பாஸ்பரஸை) கரைக்கும் நுண்ணுயிர் ஆகியவற்றைத் தெளிக்கிறார்கள். போட்டிக்கு ஆளில்லாததால் அவை வேகமாகப் பெருகுகின்றன. கசடு ஒரு உயிர் உரமாகிறது. சத்து இழந்த மண்ணுக்குக் கரிமச் சத்தும் நுண்ணுயிரும் ஒன்றாகப் போகின்றன.

வாஷிங்டன் நகரத்தின் புளூ பிளெய்ன்ஸ் நிலையம் கிருமியையும் வாயுவையும் ஒரே கல்லில் அடித்தது. 2015-இல் அவர்கள் செரிமானத் தொட்டிக்கு முன்னால் பெரிய பிரஷர் குக்கர்களை வைத்தார்கள். ஏறத்தாழ 160 டிகிரி நீராவியில், வளிமண்டலத்தைப் போல ஆறு மடங்கு அழுத்தத்தில், அரை மணி நேரம் போல வேகவைத்துச் சட்டென்று அழுத்தத்தைத் திறந்துவிடுகிறார்கள். இதற்குக் காரணம் இருக்கிறது. 1914-இல் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் இருவரும் கண்டுபிடித்த காற்றூட்டும் முறைதான் இன்றும் பெரும்பாலான நகரங்களில். அதில் அழுக்கை நுண்ணுயிர்கள் தின்று பெருகும், கடைசியில் அந்த நுண்ணுயிர்களே கசடாக வந்து சேரும். அவற்றின் செல்சுவர் கெட்டி, எளிதில் செரிக்காது. அழுத்தம் திடீரென்று குறையும்போது சுவர் வெடிக்கிறது, கிருமியும் மிஞ்சுவதில்லை. நிலையத்தின் மின்தேவையில் மூன்றில் ஒரு பங்கு போல வாயுவிலிருந்து கிடைக்கிறது. மிஞ்சும் கசடை 'புளூம்' என்ற பெயரில் தோட்டக்காரர்களுக்கும் விவசாயிகளுக்கும் விற்கிறார்கள்.

உரமாக அதன் தரம் எப்படி? தழைச்சத்து 2 முதல் 5 சதம் வரை, மணிச்சத்தும் ஏறத்தாழ அதே அளவு. யூரியாவில் 46 சதம் தழைச்சத்து இருப்பதை நினைத்தால் இது சொற்பம். ஆனால் யூரியா மண்ணுக்குக் கரிமம் தராது, கசடு தரும். மெதுவாகச் சத்தை விடும், துத்தநாகம் போன்ற நுண்சத்தும் இருக்கும். சாம்பல்சத்து மட்டும் அனேகமாக இல்லை. அது தண்ணீரில் கரைந்து சுத்திகரித்த நீரோடு போய்விடுகிறது. வாழைக்குக் கசடு உரம் மட்டும் போட்டுவிட்டுப் பொட்டாஷ் போடாமல் இருந்தால் குலை தேறாது. தொழுவுரம் கிடைக்காமல் தவிக்கும் நிலத்துக்கு அடியுரமாக இது நல்லது, ரசாயன உரத்துக்கு முழு மாற்று என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம்.

மணிச்சத்தைப் பற்றி மட்டும் இன்னும் ஒரு வார்த்தை. டி.ஏ.பி.க்கு வேண்டிய பாஸ்பேட்டில் பெரும்பகுதியை நாம் வெளிநாட்டிலிருந்துதான் வாங்குகிறோம். உலகின் பாறைப் பாஸ்பேட் இருப்பில் மிகப் பெரிய பங்கு மொராக்கோவின் கையில். சாப்பாட்டோடு நகரத்துக்கு வரும் பாஸ்பரஸ் திரும்ப வயலுக்குப் போவதில்லை, குப்பைமேட்டிலோ ஏரியிலோ கடலிலோ சேர்கிறது. இதனால்தான் ஜெர்மனி 2017-இல் விதி கொண்டுவந்து, 2029 முதல் பெரிய நிலையங்கள் கசடிலிருந்தோ அதன் சாம்பலிலிருந்தோ பாஸ்பரஸை மீட்டே ஆகவேண்டும் என்றது.

சூடு கொல்லாதது

கிருமியைச் சூடு கொல்லும். காட்மியத்தையும் குரோமியத்தையும் நிக்கலையும் எந்தச் சூடும் கொல்லாது. முலாம் பூசும் பட்டறை ஒன்று இரவில் அமிலத் தொட்டியைத் தெருச் சாக்கடையில் கவிழ்த்தால், அந்த நிக்கலில் கணிசமான பங்கு கசடில் வந்து உட்காரும். செரிமானத் தொட்டியில் கரிமப் பொருள் பாதி வாயுவாகிப் போய்விடுவதால் மிச்சத்தில் உலோகத்தின் செறிவு இன்னும் கூடும். நம் நாட்டில் குப்பையிலிருந்து தயாரிக்கும் கம்போஸ்ட் உரத்துக்குக் காட்மியம் கிலோவுக்கு 5 மில்லிகிராம், குரோமியமும் நிக்கலும் 50, ஈயம் 100 என்று வரம்பு இருக்கிறது. பட்டறைகளும் வீடுகளும் ஒரே குழாயில் கொட்டும் பெருநகரத்தில் ஒவ்வொரு நாளும் கசடு அந்த வரம்புக்குள் இருக்கும் என்று யாராலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் நடந்தது இதைவிடக் கசப்பானது. பல்லாண்டுகளாக அங்கே விவசாயிகள் அரசு அனுமதியோடு, சத்துக்காகக் கசடை வயலில் போட்டார்கள். 2016-இல் ஒரு பால் பண்ணையின் தண்ணீரிலும் பாலிலும் பி.எஃப்.ஏ.எஸ். என்ற வேதிப்பொருள்கள் இருப்பது தெரிய வந்தது. ஒட்டாத பாத்திரம், நனையாத துணி, தீயணைப்பு நுரை எனப் பலவற்றில் இருக்கும் இவை மண்ணில் அழிவதில்லை. கார்பனுக்கும் ஃபுளூரினுக்கும் உள்ள பிணைப்பை உடைக்கும் நுண்ணுயிர் செரிமானத் தொட்டியில் இல்லை. ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் பல பண்ணைகளில் இதே கதை. 2022-இல் மெய்ன் கசடை வயலில் போடுவதையே முழுதாகத் தடைசெய்தது. தடைசெய்ததால் கசடு வருவது நின்றுவிடுமா? அடுத்த ஆண்டே குப்பைமேடு திணறி, கனடாவுக்கு லாரியில் அனுப்பும் நிலை வந்தது. சுவிட்சர்லாந்து இதற்கெல்லாம் முன்பே, 2000-களின் தொடக்கத்திலேயே வயலில் போடுவதை விலக்கி, எரிப்பதற்கு மாறிவிட்டது.

அந்த விவசாயிகள் ஒரு தவறும் செய்யவில்லை. நகரத்தின் கசடை வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள், வாங்கிக்கொண்டார்கள். அபாயம் முழுவதும் அவர்கள் தலையில் விழுந்தது. நம் ஊரில் கசடை இலவசமாகத் தருகிறோம், கொண்டுபோங்கள் என்று உழவரிடம் சொல்பவர்கள் இதை மறக்கக்கூடாது.

ஆக, பெருநகரக் கசடிலிருந்து வாயுவை எடுப்போம், தயக்கமே வேண்டாம். அதன் உரத்தை மட்டும் ஆலைக் கழிவு சாக்கடையில் கலப்பது நிற்கும் வரை உணவுப் பயிருக்கு அனுப்ப வேண்டாம் என்பது என் கருத்து. சாலை ஓர மரம், காட்டுத் தோட்டம், பாழ்பட்ட சுரங்க நிலம் இவற்றுக்குப் போகட்டும்.

உரத்துக்கு ஏற்ற இடம் சிறு ஊர்தான். தமிழ்நாட்டின் பேரூராட்சிகளில் பெரும்பாலான வீடுகளில் பாதாளச் சாக்கடை இல்லை, செப்டிக் டேங்க்தான். சில ஆண்டுக்கு ஒருமுறை லாரி வந்து உறிஞ்சுகிறது. அந்தக் கசடு டேங்கிலேயே ஆண்டுக்கணக்கில் செரித்துவிட்டதால் அதில் எடுக்க வாயு அதிகம் இருக்காது. அதற்கு எஞ்சின் வைப்பது வீண். ஆனால் அது வீட்டிலிருந்து மட்டும் வருகிறது. பட்டறைக் கழிவு சேர வழியில்லாததால் உலோகம் பொதுவாகக் குறைவு. வயல்களும் பக்கத்திலேயே.

மதுராந்தகத்தை ஒட்டிய கருங்குழியில் 2017-இல் மாநிலத்தின் முதல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் அமைந்தது. ஏரிப் பாசன நெல் வயல்கள் சூழ்ந்த பகுதி. பெங்களூரு அருகே தேவனஹள்ளியில் அதற்கு முன்பே தொடங்கிய நிலையம் ஒன்று, உலர்ந்த கசடோடு ஊரின் மக்கும் குப்பையைக் கலந்து கம்போஸ்ட் ஆக்குவது எப்படி என்று காட்டியது. கசடில் தழைச்சத்து மிகுதி, இலைதழையில் கரிமம் மிகுதி. இரண்டையும் சரியான அளவில் கலந்து குவித்தால் குவியல் தானாகவே 55, 60 டிகிரிக்கு ஏறும். உள்ளே கைவிட முடியாது. புழு முட்டையைக் கொல்ல வேண்டிய சூடு செலவில்லாமல் கிடைத்துவிடுகிறது. குவியலின் ஓரம் குளிராகவே இருக்கும் என்பதால் பலமுறை புரட்டிப்போட வேண்டும், அந்த வேலையில் சோம்பினால் எல்லாம் வீண்.

நம் பேரூராட்சிகளில் வளம் மீட்புப் பூங்கா என்ற பெயரில் மக்கும் குப்பையை உரமாக்கும் இடங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. கசடு நிலையத்தையும் அதையும் ஒரே வளாகத்தில் வைத்தால் போதும். நிலையம் தினமும் தயாரிக்கும், உழவருக்கோ உழவுக்கு முன்புதான் தேவை. ஆகவே நாலைந்து மாதத்துக்கு மழை படாமல் சேர்த்துவைக்கக் கூரை போட்ட கிடங்கு வேண்டும். திட்ட மதிப்பீட்டில் முதலில் வெட்டப்படுவது இந்தக் கிடங்காகத்தான் இருக்கும், அதை விட்டுக்கொடுக்கக்கூடாது. ஒவ்வொரு குவியலுக்கும் மூன்று சோதனை முடிவுகள் மூட்டையிலேயே ஒட்டியிருக்கட்டும்: புழு முட்டை, உலோக அளவு, சத்து அளவு. நெல், தென்னை, மரப்பயிர் ஆகியவற்றுக்கு அடியுரமாகப் போடலாம். கீரைக்கும் முள்ளங்கிக்கும் பச்சையாகத் தின்னும் எதற்கும், சோதனை முடிவு எவ்வளவு நன்றாக இருந்தாலும், வேண்டாம்.